கல் தெரிந்தால் போகலாம் என்று நான்தான் சொன்னேன்

கண்ணு,

இப்படி நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஆம்பூரில் கம்பெனி பஸ் ஷெட்டில் நீ படுத்திருப்பாய், பக்கத்தில் மற்ற டிரைவர்களும் படுத்திருப்பார்கள், போன் சத்தம் போட்டால் உன்னைத்தான் ஏசுவார்கள். சாயந்தரத்திலிருந்து நான் கூப்பிட்டது எதையும் நீ எடுக்கவில்லை. அப்பாவும் கூப்பிட்டாராம், அவர் போனையும் நீ எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வண்டியை எடுப்பதற்கு முன்னால் டீ குடித்துக்கொண்டே போனைப் பார்க்கிற பழக்கம் உனக்கு உண்டு. அந்த நேரத்தில் இது உன் கையில் இருக்கட்டும். முழுதும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் இதை மட்டும் படி: நாளைக் காலை எங்களை ஏற்ற வரும்போது தரைப்பாலத்தில் இறங்காதே. வண்டி காலியாக இருந்தாலும் இறங்காதே. பள்ளிகொண்டா பாலத்தைச் சுற்றிக்கொண்டு வா. பாலத்தின் அடியில் மண் போய்விட்டது, நான் என் கண்ணால் பார்த்தேன். கல் தெரிகிறதா என்று பார்த்து முடிவு செய்யாதே. கல்லுக்கும் பாலத்துக்கும் இப்போது சம்பந்தம் இல்லை.

இனிமேல் எழுதுவது நீ மெதுவாகப் படிக்கலாம். சனிக்கிழமை ராத்திரி நான் பேசிய விதத்துக்கு நீ பையை எடுத்துக்கொண்டு போனதில் தப்பே இல்லை. உள்ளே நுழைந்ததும் "உனக்கு வண்டி ஓட்டவே தெரியலடா"ன்னு ஆரம்பித்தேன். தட்டில் சோறு போட்டிருந்தேன், நீ கையைக்கூட வைக்கவில்லை. வழக்கமாக நம் வீட்டுப் பக்கத்தில் நிறுத்துகிற பஸ்ஸை, அந்த இருட்டில் திருப்பிக்கொண்டு ஆற்றில் இறங்கினாய். நான் வாசலில் நின்றேன். அக்கரை மேட்டில் ஏறும்போது நீ கியர் மாற்றுகிற சத்தம் இருக்கிறதே, அது காதில் விழும்வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்று எனக்குத் தெரியாது. நீ அந்தக் கரையில் தூங்கப் போனதற்குக் காரணம் நான்தான். நாளைக்குக் காலை நீ முதலில் தாண்ட வேண்டியது அந்தப் பாலத்தைத்தான் என்பதற்கும் நான்தான் காரணம். இதை நினைத்தால் உட்கார முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் நடந்ததை நான் எப்படிப் பார்த்தேன் என்று உனக்குச் சொல்லவே இல்லை. நீ வண்டியைப் பாலத்தின் வாயில் நிறுத்தினாய். தண்ணீர் பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது, கணுக்கால் அளவு இருக்கும், செம்மண் கலர். வெள்ளையடித்த கற்கள் இரண்டு பக்கமும் வரிசையாகத் தெரிந்தன. நீ இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி, எஞ்சினை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாய். உனக்குப் போக மனசில்லை என்பது உன் பின்னங்கழுத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. பின்னால் எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஷூ கம்பெனியில் லேட்டாகப் பஞ்ச் அடித்தால் அரை நாள் போச்சு, அந்த மாதத்து அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. முன் சீட்டில் கலா அக்கா. நம் பஸ்ஸில் அவள் வாய்க்கு எதிர் வாய் கிடையாது என்பது உனக்கே தெரியும்.

"கல்லு தெரியுது இல்ல தம்பி, இன்னா யோசன? உங்கப்பன் மாதிரி ஊரச் சுத்தாத, போ."

பஸ்ஸே சிரித்தது. அப்போதுதான் நீ கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். மூன்றாவது சீட்டில், ஜன்னல் ஓரத்தில் நான். நான் ஒரு தலையசைப்பில் நிறுத்தியிருக்கலாம். மடியில் இருந்த சாப்பாட்டுப் பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டம் படித்தவள், சீன் போடுகிறாள் என்று சொல்வார்களோ என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. எனக்கும் அந்த மாதம் லேட் ஆகிவிடக் கூடாது. கலா அக்கா திரும்பி என்னைப் பார்த்துவிட்டு உன்னிடம் சொன்னாள்:

"பாரு, பெத்தவளே கம்முனு உக்காந்துகினு கீறா. உனக்கு இன்னா?"

நீ கியரைப் போட்டாய். படிக்கட்டுக்குக் கீழே தண்ணீர் அடிக்கிற சத்தம் மட்டும். நடுப்பாலத்தில் பின்பக்கச் சக்கரம் ஒரு தடவை கீழே போய் மேலே வந்தது, பள்ளத்தில் இறங்கி ஏறுகிற மாதிரி. பஸ் லேசாக, தண்ணீர் இறங்கிப் போகிற பள்ளப் பக்கம் சாய்ந்தது. நீ ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தாய். பின்னால் யாரோ அல்லாவைக் கூப்பிட்டார்கள், யாரோ முருகனை. கரை ஏறியதும் எல்லாரும் கை தட்டினார்கள். கலா அக்கா சிங்கக் குட்டி என்றாள். புதிதாகச் சேர்ந்த ஸ்டிச்சிங் பெண் ஒருத்தி என்னிடம் குனிந்து, "உங்க தம்பி சூப்பரா ஓட்டறாருக்கா"ன்னு சொன்னாள். கலா அக்கா பேசியது பின் சீட்டில் அவள் காதில் விழவில்லை போல, நீ என் மகன் என்று அவளுக்குத் தெரியாது. நான் அவளைத் திருத்தவில்லை. உன் காது மடல் சிவந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே ஆம்பூர் வரைக்கும் வந்தேன்.

பயந்தவனுக்குக் கிடைத்த கைதட்டல் அது. அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். ஒன்றும் ஆகவில்லை என்றால் நாம் செய்தது சரி என்று மனசு முடிவு கட்டிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் பாலங்களோடு வளர்ந்தவள்.

என் வீடு விருதம்பட்டு, காலேஜ் வேலூர். நடுவில் பாலாறு. தினமும் இரண்டு தடவை அந்தப் பெரிய பாலத்தைத் தாண்டுவேன். ஒரு பக்கம் பழைய பாலம், ஒரு பக்கம் புதுப் பாலம், தள்ளி ரயில் பாலம். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிற வடநாட்டு ஜனங்கள் எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து போவார்கள். அவர்கள் மட்டும்தான் எட்டி ஆற்றைப் பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் யாரும் பார்க்க மாட்டோம், பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது. மணல், முள்மரம், நாணல், பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற பிட்ச். மாடு மேயும். பாலத்தில் டிராபிக் ஜாஸ்தியானால் ஸ்கூட்டர்காரர்கள் இறங்கி ஆற்று மணலிலேயே ஓட்டிக்கொண்டு போவார்கள். ஆறு என்பது நமக்குக் குறுக்கு வழி, அவ்வளவுதான்.

என்னோடு படித்த நஸ்ரின் பேரணாம்பட்டுக்காரி. ஹாஸ்டலில் இருந்தாள், சனிக்கிழமை என் வீட்டுக்கு வருவாள். ஒரு நாள் பஸ் ஜன்னலிலிருந்து ரயில் பாலத்தைக் காட்டி, "இவ்ளோ நீளம் எதுக்குடி? கீழ ஒரு சொட்டு கூட இல்ல. கட்டுனவனுக்கு வேற வேல இல்லியா?" என்று கேட்டாள். நான் பெருமையாக, வெள்ளைக்காரன் கட்டினது, அப்போ தண்ணி இருந்திருக்கும் என்றேன். "உங்க ஊர்ல பாலம் ஜாஸ்தி, ஆறு கம்மி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பாலத்தை அளந்து கட்டினவர்களை நாங்கள் முட்டாளாக்கிச் சிரித்தோம் என்பது அப்போது தெரியவில்லை.

கடைசி வருஷம் தண்ணீர் வந்தது. வேலூரில் மழையே இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேலே ஆந்திரா பக்கம் எங்கோ பெய்திருக்கிறது, அது இங்கே வந்து சேர்ந்தது. ஊர் முழுக்கப் பாலத்துக்கு வந்துவிட்டது. என் அம்மா ரவிக்கைத் துணியும் வளையலும் மஞ்சளும் தட்டில் வைத்துக்கொண்டு, பொண்ணு மறுவீடு வர்ற மாதிரி வர்றாள், வெறுங்கையோடவா பாக்கறது என்று என்னையும் இழுத்துப் போனாள். கற்பூரம் ஏற்றினார்கள், பூ போட்டார்கள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். கைப்பிடிச் சுவரில் இடமில்லாமல் ஆள் மேல் ஆள். நான் எட்டிப் பார்த்தேன். அந்தக் கரையிலிருந்து இந்தக் கரை வரை, ஒரு தூணைக்கூட விடாமல் தண்ணீர். அன்றைக்குத்தான் அந்த நீளம் எதற்கென்று புரிந்தது. ஆறு நாம் பார்க்கிற நாளில் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குப் பாலம் கட்ட மாட்டார்கள். அது எப்போதாவது முழுசாக வருமே, அந்த நாளுக்குக் கட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் அது வீண் மாதிரிதான் தெரியும்.

அப்போது காலுக்குக் கீழே பாலம் நடுங்கியது. பின்னால் ஒரு லாரி போனதாலா, ஜனம் நிறைந்ததாலா, தண்ணீர் மோதினதாலா, தெரியாது. போலீஸ்காரர் ஒருவர் லத்தியால் கைப்பிடியைத் தட்டி, நகருங்க, பாலத்து மேல நிக்காதீங்க என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார். யாரும் நகரவில்லை. "எங்களுக்குத் தெரியாத ஆறா சார்"ன்னு ஒருத்தர் அவரைக் கேலி செய்தார். வருஷக்கணக்காக நாங்கள் அந்த ஆற்றையே பார்த்ததில்லை, அவர் மட்டும் பார்த்தவரா? ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினோம். ஒன்றும் ஆகாததால் அடுத்த தடவையும் போய் அதே இடத்தில் நின்றோம்.

உன் அப்பா கதை உனக்குத் தெரியும், ஆனால் கேலியாகத்தான் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் என்னை நம் ஊருக்கு அழைத்து வந்தபோது தரைப்பாலத்தில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. டிராக்டரெல்லாம் தாண்டுகிறது. அக்கரையில் மேளக்காரர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள், வாசிப்பது காதில் விழுகிறது. உன் அப்பா வேனிலிருந்து இறங்கி, தண்ணீரைப் பார்த்துவிட்டு, பள்ளிகொண்டா போப்பா என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார். அவருடைய சித்தப்பா கத்தினார், முகூர்த்தம் தவறும் என்றார், லாரி ஓட்டறவனுக்கு இவ்ளோ பயமா என்றார். எனக்கே எரிச்சல், புதுப்புடவை கழுத்தை அறுக்கிறது, வேர்வையில் பொட்டு கரைகிறது. தாலி கட்டும்போது முகூர்த்தம் முடிய இருந்தது. அன்றிலிருந்து அவர் ஊருக்கு சுத்து மாப்ள. இன்றைக்கும் டீக்கடையில் அந்தப் பேர்தான். நீ சனிக்கிழமை ராத்திரி கதவுக்கிட்ட நின்று என்னிடம் கேட்டது அதைத்தான்.

"நானும் சுத்து மாப்ளன்னு பேர் வாங்கணுமா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலம்மா."

கோபத்தில் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரித்தால் சண்டை முடிந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன். சிரித்திருக்கலாம். அன்று அப்பா ஏன் சுற்றினார் என்று நான் அவரைக் கேட்டதே இல்லை. இன்றைக்குச் சாயந்தரம் கேட்டேன், ஒரிசா தாண்டி எங்கோ வண்டியை ஓரம் கட்டியிருந்தார். தண்ணி ஆழம் இல்லைதான், தண்ணிக்குக் கீழ இன்னா கீதுன்னு தெரியல, அதான் என்றார். இருபத்தி சொச்சம் வருஷம் கழித்து ஒரே வரியில் சொன்னார். நீங்களே உங்கள் மகனிடம் பேசுங்கள் என்று அழுதேன். கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை, எடுத்தாலும் பயனில்லை என்றார். "நான் சொன்னா அப்பன் பயந்தாங்கொள்ளின்னு நினைப்பான். நீ டிரைவர்கிட்டருந்து ஸ்டியரிங்க புடுங்காத. ஏன் சுத்தணும்னு காரணத்த மட்டும் சொல்லு, அவனே முடிவு பண்ணுவான்" என்றார். அதனால்தான் இவ்வளவு நீளமாகக் காரணம் எழுதுகிறேன்.

கல் தெரிந்தால் போகலாம் என்பதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஒன்றாம் வகுப்பில் உன்னை அக்கரையில் மாதனூர் ஸ்கூலில் சேர்த்தபோது, தரைப்பாலத்தில் நீ நடுவிலேயே நிற்பாய், மீன் பார்க்கிறேன் என்று ஓரத்துக்கு ஓடுவாய். உன்னை நேராக நடக்கவைக்க அந்தக் கற்களை எண்ணச் சொன்னேன். கல் எல்லாம் தெரிந்தால் ஸ்கூல், ஒரு கல் முழுகியிருந்தாலும் லீவு. நீ காலையில் எழுந்ததும் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு, லீவு இல்லம்மா என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வருவாய். நான் மட்டும் சொன்னதில்லை, ஊரே அப்படித்தான் சொல்லும். ஆனால் உன் தலையில் அதைப் போட்டது என் குரல்.

சில வருஷத்துக்கு முன்னால் வந்த அந்தப் பெரிய வெள்ளத்தில் என்ன ஆனது என்று நீயும் பார்த்தாய். தண்ணீர் வடிந்ததும் ஊரோடு போய் நின்றோம். கற்கள் அப்படியே நின்றன, ஒன்றுகூடச் சாயவில்லை. நடுவில் இருக்க வேண்டிய பாலம்தான் இல்லை. அடியில் தண்ணீர் போக வைத்திருந்த பெரிய சிமென்ட் குழாய்கள் தூரத்தில் மணலில் உருண்டு கிடந்தன. நீ அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாய். பிறகு புதுக் குழாய் வைத்து, மண் கொட்டி, மேலே சிலாப் போட்டு, அதே பழைய கற்களுக்கு வெள்ளையடித்தார்கள். நாமும் அதே பழைய பேச்சைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டோம். பக்கத்திலேயே புதுப் பாலத்துக்குத் தூண்கள் எழும்பி நிற்கின்றன. தளம் வரட்டும், என் பேத்தி அதுமேல ஸ்கூட்டி ஓட்டுவா என்று கலா அக்கா தினமும் சொல்லிச் சிரிப்பாள். அதுவரைக்கும் நமக்கு இந்தப் பாலம்தான் என்று நாம் எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டோம்.

இன்றைக்குக் காலையில் தண்ணீர் வடிந்திருந்தது. சனிக்கிழமை சக்கரம் இறங்கி ஏறியதே, அது என் நினைப்பைவிட்டுப் போகவில்லை. தனியாகப் போகத் தைரியமில்லாமல் கலா அக்காவைக் கூப்பிட்டேன். ஞாயித்துக்கெழம கூட பாலத்தயே பாக்கணுமா, உன் புள்ள மேல உனக்கு நம்பிக்கை இல்லயா என்று கிண்டலடித்துக்கொண்டே வந்தாள். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை, ஒரு வெடிப்புகூட இல்லை. ஓரமாக மணலில் இறங்கி, பள்ளப் பக்கமாகப் போய்க் குனிந்து பார்த்தோம். நடுப்பாலத்தில் இரண்டு குழாய்களுக்கு நடுவில் மண்ணே இல்லை. நம் வீட்டு பீரோவைப் படுக்கவைத்து உள்ளே தள்ளலாம், அவ்வளவு பெரிய குழி. மேலே சிலாப் மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. கலா அக்கா மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டாள். தோள்பட்டை வரைக்கும் போனது. விரலில் எதுவும் தட்டவில்லை. கையை வெளியே எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். 

"இதுமேலயா நாம அத்தினி பேரும் போனோம்" என்றாள். பிறகு, "உன் புள்ளய நான்தான் உசுப்பிவுட்டேன்."

நான் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. நானும்தானே கம்மென்று உட்கார்ந்திருந்தேன். ஊரில் வந்து சொன்னோம். ஆட்கள் வந்து பார்த்தார்கள், முள்ளை வெட்டி இந்தக் கரையில் பாலத்தின் வாயை அடைத்தார்கள். அக்கரையிலும் போடலாம் என்று கிளம்புவதற்குள் ஆற்றில் மறுபடி தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது. ஆந்திரா பக்கம் தடுப்பணை நிரம்பி வழிகிறதாம். இங்கே வானத்தில் ஒரு மேகம் இல்லை, நட்சத்திரம் தெரிகிறது. மாதனூரில் தெரிந்தவர்களுக்கு போன் பண்ணிச் சொன்னோம், முள் போட்டுவிடுகிறோம் என்றார்கள். போட்டார்களோ இல்லையோ. போட்டாலும் பைக்கில் வருகிறவர்கள் காலால் தள்ளிவிட்டு வழி பண்ணிக்கொள்வார்கள், நீயே எத்தனை தடவை தள்ளியிருக்கிறாய். நீ வருவது அந்தக் கரையிலிருந்து. ராத்திரியில் தண்ணீர் கணுக்கால் அளவு ஏறியிருந்தால், ஹெட்லைட் வெளிச்சத்தில் கற்கள் பளிச்சென்று வெள்ளையாக, வரிசையாகத் தெரியும். சனிக்கிழமை தெரிந்ததைவிட நன்றாகவே தெரியும். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நீ என்ன யோசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சுற்றி வந்தால் லேட் ஆகும், லேட் ஆனால் வேறு டிரைவரைப் போடுவேன் என்று சார் சொல்லியிருக்கிறார். டிரான்ஸ்போர்ட் பார்க்கிற அந்த சாருக்கு நானே போன் செய்தேன். உன் மானம் போச்சு என்று நினைக்காதே, உன் அம்மாவாகப் பேசவில்லை, பஸ்ஸில் வருகிறவளாகத்தான் பேசினேன். குழியைப் பற்றிச் சொன்னேன். பஞ்ச் டைமுக்கு ஆளுங்க உள்ள இருந்தா போதும் மேடம், எந்த வழியா வந்தா எனக்கு இன்னா, டீசலுக்கு நான் சொல்லிக்கறேன் என்றார். ஆக வழி உன் கையில்தான்.

பிறகு நானும் கலா அக்காவும் வீடு வீடாகப் போனோம். நாளைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பி, ஆற்றுப் பக்கம் வராமல் நம் கரையிலேயே மெயின் ரோட்டில் ஹைஸ்கூல் எதிரே வந்து நிற்க முடியுமா என்று கேட்டோம். ஒரு வீட்டில் உள்ளேயிருந்து, "சுத்து மாப்ள வூட்டுலருந்து வந்துட்டாங்கடி"ன்னு குரல் வந்தது. ஆமா, அந்த வூடுதான், கதவத் தொற என்றேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பேருக்கு நான் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை. நாலு மணிக்குள் சோறு வடித்து, பிள்ளையை எழுப்பாமல் கிளம்ப வேண்டுமா என்று ஒருத்தி முகம் சுளித்தாள். கைக்குழந்தை வைத்திருக்கிறவள், அவள் கோபம் நியாயம்தான். கலா அக்கா அவளிடம் தன் கையைத் தோள் வரை காட்டினாள், இதுவரைக்கும் போச்சு, கீழ ஒண்ணும் இல்ல என்றாள். கடைசியில் எல்லாரும் சரி என்றார்கள். ஆனால் ஒரே கேள்வி கேட்டார்கள். தம்பி அந்த வழியா வருதா, கேட்டுட்டீங்களா என்று. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ போனை எடுக்கவில்லை என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று நான் சொன்னது பொய். அன்று பஸ் சாய்ந்தபோது நீ ஒடித்த அந்த ஒரு ஒடிப்பில்தான் நாங்கள் எல்லாரும் இன்றைக்கு வீட்டில் தூங்குகிறோம். ஆனால் அடியில் மண் இல்லாத இடத்தில் எந்தக் கையும் எதையும் செய்ய முடியாது. நீ அன்றைக்குப் பாலத்தின் வாயில் வண்டியை நிறுத்தினாயே, ஒரு நிமிஷம், யாரும் சொல்லாமல், அதுதான் நீ. கியரைப் போட்டது நாங்கள். நாளைக்கு மறுபடி கண்ணாடியில் என்னைப் பார்க்க வேண்டி வந்தால், நான் பையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வேன். ஆனால் நீ காலி வண்டியோடு அக்கரையில் நிற்கும்போது கண்ணாடியில் நான் இருக்க மாட்டேன் கண்ணு. அதற்குத்தான் இதை எழுதினேன்.

நீ சுற்றி வர வேண்டுமென்றால் வழக்கத்தைவிட முன்னாலேயே, நாலு மணிக்கு முன் ஷெட்டிலிருந்து கிளம்ப வேண்டும். பெண்கள் மூன்றரைக்கே அடுப்புப் பற்றவைப்பார்கள். அதற்குள் நான் கலா அக்காவுக்குச் சொல்ல வேண்டும், அவள் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீல டிக் மட்டும் போதாது, அதைப் பார்த்து நான் என்னென்னவோ நினைத்துக்கொள்வேன். என் மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும், வீட்டுக்கு வந்து பேசிக்கொள்ளலாம், அன்று நீ சாப்பிடாத குழம்பை மறுபடி வைக்கிறேன். பள்ளிகொண்டா வழி என்றால் ஹைஸ்கூல் எதிரே நிற்கிறோம். இல்லை, நீ பாலத்தில்தான் வருவாய் என்றால் அதையும் மறைக்காமல் எழுது. நான் மட்டும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் நிற்கிறேன்.

எங்கே வந்து நிற்கட்டும் என்று, பார்த்த உடனே ஒரு வரி பதில் போடு.

அம்மா